மீந்த சாதத்தில் ஃப்ரைட் ரைஸ்: செலவில்லாமல், குழையாமல் செய்வது எப்படி?

கேள்வி இது: ஃப்ரிட்ஜில் நேற்று வைத்த சாதம் நான்கு கப் இருக்கிறது. அரைக் கேரட், கால் முட்டைகோஸ், மூன்று முட்டை, ஒரு கைப்பிடி சமைத்த கோழி, இவ்வளவுதான் கையில். புதிதாக ஒன்றும் வாங்காமல் நான்கு பேருக்கு இரவுச் சாப்பாடாக ஃப்ரைட் ரைஸ் செய்ய முடியுமா? செய்யும்போதெல்லாம் உதிரியாக வராமல் குழைந்து கட்டியாகிவிடுகிறதே, ஏன்?

தாராளமாக முடியும். கையில் இருப்பதே போதும். சொல்லப்போனால் இந்தப் பண்டத்துக்கு, அப்போதுதான் வடித்த சாதத்தைவிட மீந்த சாதம்தான் பொருத்தம். குழைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஈரம். சாதத்தில் தங்கிய ஈரம், காய் விடும் தண்ணீர், தாராளமாக ஊற்றிய சாஸ், சூடு போதாததால் ஆவியாகாமல் வாணலியிலேயே நிற்கும் நீர். இந்த நான்கையும் கவனித்துக்கொண்டால் சமையல் குறிப்பு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் சாதம். அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. வேகும்போது, ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், அது தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. அதில் அமைலோஸ் என்ற பகுதி கொஞ்சம் பருக்கையிலிருந்து கசிந்து வெளியே வந்து மேலே பசையாகப் படிகிறது. சூடான சாதத்தைக் கிளறினால் ஒன்றோடொன்று ஒட்டி உடைவது இதனால்தான். ஆறியபின் மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி அடுக்காகி இறுகுகின்றன. ஃப்ரிட்ஜின் குளிரில் இது இன்னும் விரைவாக நடக்கும். பருக்கை கெட்டிப்படுகிறது, மேற்பரப்பும் சற்று உலர்கிறது. திரும்பச் சூடாக்கும்போது இந்த இறுக்கத்தில் ஒரு பகுதி இளகிவிடும். ஆனால் அமைலோஸ் இறுகிய இறுக்கம் 120 டிகிரிக்கு மேலே போனால்தான் குலையும். வாணலி எவ்வளவு காய்ந்திருந்தாலும், உள்ளே தண்ணீர் இருக்கிறவரை பருக்கையின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் நேற்றைய சாதம் மென்மையாகிறது, ஆனால் உடைவதில்லை.

நீள அரிசியில் அமைலோஸ் அதிகம். ஆகவே உதிரியாக வரும். குட்டை அரிசியில் குறைவு, கொஞ்சம் ஒட்டும். இதற்காகத் தனியாக ஒரு அரிசி வாங்கச் சொல்ல மாட்டேன். வீட்டில் எது பொங்குகிறதோ அதில் செய்யலாம், ஒட்டும் ரகமாக இருந்தால் கிளறுவதைக் குறைத்தால் சரி. அப்படிப்பட்ட அரிசிக்கு ஒரு வழியும் உண்டு: இரண்டு முட்டையின் மஞ்சள் கருவைக் குளிர்ந்த சாதத்தோடு விரலால் பிசிறி, ஒவ்வொரு பருக்கை மீதும் ஒரு பூச்சாகப் படியவிட்டு, பிறகு எண்ணெயில் போட வேண்டும். மஞ்சள் கரு சூட்டில் இறுகிவிடுவதால் பருக்கைகள் தனித்தனியாக நிற்கும்.

மீந்த சாதம் இல்லை, இன்றைக்கே வடித்து இன்றைக்கே செய்ய வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தண்ணீர் குறைத்து வேகவைத்து, அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் வைத்தால் மேலே இருக்கும் ஈரம் போய்விடும். நேற்றைய சாதத்தின் இறுக்கம் வராது, ஆனால் நன்றாகவே இருக்கும்.

அடுத்து, மீந்த சாதத்தை எப்படி வைத்திருந்தீர்கள் என்பது. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எப்படியும் சூடாக்கத்தானே போகிறோம்" என்று பலர் சாதத்தை இரவு முழுக்க அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுகிறார்கள். அரிசியில் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். கொதிக்கும் தண்ணீரிலும் அவை சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக அறைச் சூட்டில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, செரியுலைட் என்ற நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் சூடாக்கினாலும் அழியாத அளவுக்கு உறுதியானது. அதாவது, ஒரு தடவை நச்சு சேர்ந்துவிட்டால் வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் பயனில்லை. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரலாம். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த நோய் அடையாளம் காணப்பட்டதே உணவகங்களில் மொத்தமாக வேகவைத்து வெளியே வைத்திருந்த ஃப்ரைட் ரைஸ் சாதத்தின் மூலமாகத்தான்.

இதற்குப் பயந்து மீந்த சாதத்தைக் கொட்ட வேண்டியதில்லை. சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தை ஆழமான பாத்திரத்திலிருந்து எடுத்து, அகலமான டப்பாவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குவியலாக வைத்தால் நடுவில் சூடு மணிக்கணக்கில் தங்கும், பாக்டீரியாவுக்கு வேண்டியது அதுதான். பிரிட்டனின் உணவுத் தர முகமை, சாதத்தை ஒரு நாளுக்குள் சாப்பிட்டுவிடச் சொல்கிறது. அமெரிக்க வேளாண் துறை, பொதுவாக மீந்த சமைத்த உணவுக்கு மூன்று நான்கு நாள் கொடுக்கிறது. சாதத்தைப் பொறுத்தவரை நான் பிரிட்டன் பக்கம்: நேற்றைய சாதம் சரி, முந்தாநாள் சாதம் வேண்டாம். மணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நச்சு இருக்கும் சாதம் கெட்ட வாடை அடிக்க வேண்டும் என்று இல்லை. இரவு முழுக்க வெளியே இருந்ததா என்ற சந்தேகம் வந்தாலே அது குப்பைக்குத்தான்.

ஒரு நாளில் நான்கு கப் மிஞ்சாது, தினமும் அரைக் கப், ஒரு கப் என்றுதான் மிஞ்சுகிறது என்பவர்களுக்கு ஃப்ரீசர் இருக்கிறது. ஆறிய சாதத்தை அன்றன்றைக்கே ஒரு பையில் போட்டு, தட்டையாக அழுத்தி, காற்றை வெளியேற்றி உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், எடுக்கும்போது சாக்லேட் பாளம் போல உடைத்தும் எடுக்கலாம். ஒரு வாரம் சேர்ந்தால் ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு ஆகிவிடும். செய்யும் நாள் காலையில் ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மைக்ரோவேவில் உருக்கினால் தண்ணீர் விடும். தட்டில் பரப்பி ஆவி போகவிட்ட பிறகே வாணலிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி, உள்ளே என்ன போடலாம். செலவைக் கூட்டுவது ஃப்ரைட் ரைஸின் பொருள்கள் இல்லை, பட்டியல் போட்டு வாங்கும் பழக்கம். ஒரு குறிப்பைப் பார்த்து மூன்று சாஸ் பாட்டில், மூன்று நிறத்தில் குடைமிளகாய், ஒரு கட்டு வெங்காயத்தாள் என்று வாங்கினால், அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆன செலவில் இரண்டு வேளை சமைத்துவிடலாம். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டைத் திறந்து, இன்னும் இரண்டு நாளில் வாடிவிடும் என்று தோன்றுவதை எல்லாம் எடுங்கள். வெங்காயம், கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், பட்டாணி, சோளம், காளான், காலிஃபிளவர் தண்டு, ப்ரோக்கோலி தண்டு, வாடிய கீரைத் தண்டு, எதுவும் ஆகும். தண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். தோல் சீவிப் பொடியாக நறுக்கினால் பூவைவிடக் கடிப்பதற்கு நன்றாக இருக்கும்.

நான்கு கப் சாதம் என்றால் சுமார் 700 கிராம். நான்கு பேருக்குத் தலைக்கு ஒரு கப். அது மட்டும் என்றால் வயிறு நிறையாது. இதோடு மூன்று கப் நறுக்கிய காய் சேர்த்தால் நிறைவான சாப்பாடு ஆகிவிடும். அளவைக் கூட்டுவதற்கு முட்டைகோஸுக்கு இணை வேறு இல்லை. விலை குறைவு, நாள் தாங்கும், கொஞ்சம் கருகினால் இனிப்பும் வரும். ஒரு கைப்பிடி கோழி மட்டும் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். பெரிய துண்டாகப் போட்டால் ஒருவருக்கு மூன்று துண்டு, இன்னொருவருக்கு ஒன்று. பொடியாக நறுக்கினால் எல்லார் கரண்டியிலும் வரும், அதே இறைச்சி இரண்டு மடங்காகத் தெரியும். இறைச்சியில் ஏற்கெனவே உப்பு இருப்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குழம்பில் கிடந்த இறைச்சி என்றால் குழம்பை வடித்து, துண்டுகளைத் துடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழம்பைச் சாதத்தில் ஊற்றினால் வேறு ஒரு நல்ல சாப்பாடு கிடைக்கும், ஃப்ரைட் ரைஸ் கிடைக்காது.

காய்களில் 90 சதவீதத்தை ஒட்டித் தண்ணீர்தான். நறுக்கியதும் உப்பு போட்டால் அந்தத் தண்ணீர் வாணலிக்குள் இறங்கும். அதனால் காய் வதங்கும்போது உப்பு கிடையாது. கழுவிய காயை உதறி, துணியில் ஒற்றிய பிறகே நறுக்குங்கள். தக்காளியைப் பொதுவாகத் தவிர்ப்பேன். போட்டே ஆக வேண்டும் என்றால் விதையும் சாறும் நீக்கிய சதையை மட்டும் போடலாம்.

இப்போது சூடு. உணவகங்களில் பெரிய வாணலிக்குக் கீழே எரியும் அடுப்பு, வீட்டு அடுப்பைப் போலப் பத்து மடங்கு வரை சூடு தரக்கூடியது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த சமையல்காரர்கள் வாணலியை நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை தூக்கி ஆட்டுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். சாதம் ஒவ்வொரு முறையும் காற்றில் எழும்பி ஆறி விழுவதால்தான் அவ்வளவு பெரிய தீயிலும் கருகுவதில்லை. நம் வீட்டு அடுப்பில் இதைப் பின்பற்றினால் கெடுதல்தான். இருக்கும் கொஞ்ச சூடும் ஒவ்வொரு தூக்கலிலும் போய்விடும். வீட்டில் செய்ய வேண்டியது நேர் எதிரானது: வாணலியை அடுப்பிலேயே வைத்து, சாதத்தைப் பரப்பி, அசைக்காமல் விட்டு, பிறகு திருப்பிப்போடுவது.

அளவும் முக்கியம். நான்கு கப் சாதத்தையும் ஒரே தடவையில் கொட்டினால், குளிர்ந்த அந்தக் குவியல் வாணலியின் சூட்டை உறிஞ்சிவிடும். அப்புறம் வறுபடாது, ஆவியில் வேகும். நான்கு பேருக்கு என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். எல்லாம் தயாராக இருந்தால் ஒரு தடவைக்கு ஏழெட்டு நிமிடம்தான். ஆழமான குறுகிய சட்டியைவிட, அடி அகலமான, கனமான வாணலியோ தட்டையான கனத்த சட்டியோ நல்லது. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் என்றால் வெறுமையாக அதிகம் காயவிடாதீர்கள், பூச்சு கெடும். அதில் எண்ணெய் ஊற்றியபின் நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீ போதும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் சாதத்தைக் கையால் உதிர்த்துவிடுங்கள். கையை ஈரமாக்கினாலோ எண்ணெய் தொட்டுக்கொண்டாலோ ஒட்டாது. வாணலியில் கட்டியாகப் போட்டு அங்கே கரண்டியால் குத்தி உடைத்தால் பருக்கை நசுங்கும், உள்ளே இருக்கும் மாவுப் பசை வெளியே வரும், மற்றதும் ஒட்டும். உதிரியாக வரவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் முட்டை. ஒரு சிட்டிகை உப்பு போட்டு அடித்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஊற்றினால் உடனே ஓரம் பூரித்து எழும்பும். முழுக்க இறுகும் முன், இன்னும் கொஞ்சம் பளபளப்பு இருக்கும்போதே பெரிய துண்டுகளாகப் புரட்டித் தட்டுக்கு எடுத்துவிடுங்கள். கடைசியில் திரும்பச் சேர்க்கும்போது மீதி வெந்துவிடும். அதே வாணலியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய், வெங்காயம், அது ஓரம் சிவந்ததும் பொடியாக நறுக்கிய பூண்டும் இஞ்சியும். பூண்டு சீக்கிரம் கருகும், அதனால் வாசம் வந்ததும் கேரட், பீன்ஸ் போன்ற கெட்டியான காய்களைப் போட்டுவிட வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து முட்டைகோஸ், தண்டுகள். கடைசியில் கோழி. காயை முழுக்க வேகவைக்காதீர்கள், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும்.

காயை வாணலியின் ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, அதன் மேல் சாதம். மொத்தம் நான்கு கப் சாதத்துக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஆகும். இதில் கஞ்சம் பிடித்தால் அடிப்பிடிக்கும். சாதத்தை அகலக் கரண்டியின் பின்புறத்தால் மெதுவாக அழுத்திப் பரப்பிவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். முதலில் ஈரம் போகும் சளசள சத்தம் கேட்கும், ஆவி எழும்பும். ஒரு நிமிடம் போல ஆனதும் சத்தம் மாறி, மெல்லிய படபடப்பாகும், ஓரத்தில் ஒன்றிரண்டு பருக்கை துள்ளும். அப்போது அடியிலிருந்து வாரித் திருப்பிப்போட்டு, மறுபடி பரப்பி, மறுபடி விடுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் போதும். எல்லாப் பருக்கையும் ஆவி பறக்கச் சூடாகியிருக்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். அப்புறம்தான் உப்பும் மிளகுத்தூளும்.

சாஸை சாதத்தின் தலையில் ஊற்றாதீர்கள். வாணலியின் சூடான ஓரச் சுவரில் சுற்றி ஊற்றுங்கள். தொட்டதுமே சீறி, தண்ணீர் ஆவியாகி, உப்பும் நிறமும் லேசாகத் தீய்ந்த வாசமும் மட்டும் சாதத்துக்கு வந்து சேரும். நான்கு கப்புக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ் போதும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, ஆகவே அதற்கேற்ப உப்பைக் குறைத்துவிடுங்கள். சோயா சாஸே இல்லையா? கவலை வேண்டாம். சீனத்தின் யாங்சோ ஃப்ரைட் ரைஸ் வெளிர் நிறத்தில், உப்பை நம்பியே செய்யப்படுவது. இந்தோனேசியாவின் நாசி கோரெங்கில் இனிப்பான சோயா சாஸ் போட்டுக் கருநிறமாக்குகிறார்கள். இரண்டும் ஃப்ரைட் ரைஸ்தான். உப்பு, மிளகு, சில துளி வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை இவை சேர்ந்தாலே சப்பென்று இருக்காது.

தீயை அணைக்கும் முன் முட்டையைச் சேர்த்து, வெங்காயத்தாளோ மல்லித்தழையோ இருந்தால் தூவி, ஒரு புரட்டு. முட்டை சாப்பிடாதவர்கள் தோஃபுவை உதிர்த்து, ஈரம் போகத் தனியாக வறுத்துச் சேர்க்கலாம். ஊறவைத்து வேகவைத்த பயறு, கொண்டைக்கடலை இவையும் வயிற்றுக்கு நிறைவு தரும், வேகவைத்த தண்ணீரை வடித்துத் துடைத்திருக்க வேண்டும். பசி அதிகமான வீட்டில், மேலே ஆளுக்கு ஒரு முட்டையை ஓரம் மொறுமொறுப்பாகப் பொரித்து வைப்பதுதான் மலிவான நிறைவு.

பாதியில் சாதம் குழைவதுபோலத் தெரிந்தால் உடனே கிளறுவதை நிறுத்துங்கள். கிளறக் கிளற மோசமாகும். தீயை ஏற்றி, பரப்பி, இரண்டு நிமிடம் அப்படியே விட்டால் அடியில் மொறுமொறுப்பான படலம் கட்டும். அதைப் பெரிய பெரிய துண்டாகத் திருப்பிப்போடுங்கள். உதிரியாக இராது, ஆனால் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

இது ஒரு தடவை சூடாக்கிய சாதம், இனி இரண்டாவது தடவை சூடாக்கக் கூடாது. எவ்வளவு சாப்பிட முடியுமோ அவ்வளவுக்குச் சாதம் எடுங்கள், மிச்சம் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். செய்ததும் பரிமாறிவிடுங்கள். யாராவது பத்து நிமிடம் தாமதமாக வருகிறார்கள் என்றால் இறுக்கமாக மூடிவைக்காதீர்கள், இவ்வளவு நேரம் விரட்டிய ஆவி மூடியில் தண்ணீராகித் திரும்பச் சாதத்திலேயே சொட்டும். மூடியைச் சாய்த்து ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.